எண்ணெய் பாட்டிலில் நாலு கோடு

மார்ச் 3, திங்கள்

கடலை எண்ணெய் பாட்டிலில் மார்க்கர் பேனாவால் நாலு கோடு போட்டுவிட்டேன். வாரத்துக்கு ஒரு கோடு. ஒரு லிட்டர், ஐந்து பேர். வறுக்க, பொரிக்க பாமாயில். தாளிக்க மட்டும் இது.

காலில் அடிபட்டுக் கிடக்கிற இவர் கட்டிலில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச் 5, புதன்

ரேஷனில் அரிசி, சீனி, பாமாயில் வாங்கியாச்சு. பருப்பு இன்னும் இறங்கவில்லையாம். கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிற பருப்பு. வெளியில் நாலு மடங்கு கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை திரும்பப் போகணும், அதற்குள் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது?

கைரேகை மூன்றாவது தடவைதான் விழுந்தது. பாத்திரமும் துணிசோடாவுமாக விரல் தேய்ந்துபோயிருக்கிறது. பின்னால் நின்ற அக்கா, "தலையில தடவிட்டு வை தாயி, விழுகும்" என்றார். தலையில் தடவ எண்ணெய் இல்லை. தேங்காய் எண்ணெயை நிறுத்தி இரண்டு வாரம் ஆகிறது.

மார்ச் 6

முட்டையில் மட்டும் கை வைக்க மாட்டேன். டாக்டர் இவருக்குத் தினம் ஒன்று என்று சொல்லியிருக்கிறார்.

மார்ச் 8, சனி

கீழமாசி வீதி மளிகைக் கடைக்குப் போய் வந்தேன். செல்லூரிலிருந்து யானைக்கல் பாலம் வழியாக நடைதான். சிட்டை எழுதிக் கொடுத்தது இவர். வண்டிக் கணக்கு எழுதுகிற நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, உளுந்து, வற்றல், மல்லி என்று வரிசையாக, பக்கத்தில் விலை எழுத இடம் விட்டு.

இத்தனை வருஷமும் தெருமுனை அண்ணாச்சி கடையில் நோட்டுப் போட்டு வாங்கிய கை. கடனுக்கு வாங்கும்போது விலை கேட்க வாய் வராது. அண்ணாச்சி நல்லவர்தான், டிசம்பரிலிருந்து ஒரு தடவைகூடப் பாக்கியைக் கேட்கவில்லை. அதனாலேயே அங்கே போய் நிற்கக் கூச்சமாக இருக்கிறது.

புதுப் புளி வந்துவிட்டது. மாசி, பங்குனியில் வாங்கினால்தான் உண்டு, மழைக்காலத்தில் தொட முடியாது. கொட்டைப் புளியாகவா, கொட்டை எடுத்ததாகவா என்று கடை வாசலில் ரொம்ப நேரம் நின்றேன். கொட்டைப் புளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொட்டையும் நாருமாகப் போய்விடும். பாதி விலைக்குத் தந்தால் லாபம், முக்கால் விலைக்கு என்றால் நஷ்டம். கடைக்காரர் பாதிக்கு ஐந்து ரூபாய் கூடச் சொன்னார். சரி என்று ஆறு கிலோ வாங்கினேன். உழைப்புக்குக் காசு கிடையாதே.

மார்ச் 9, ஞாயிறு

புளி குத்தினோம். இவரைச் சுவரோடு சாய்த்து உட்காரவைத்து, காலைத் தலையணைமேல் நீட்டிவிட்டு, முன்னால் கல்லை வைத்தேன். அத்தை அரிவாள்மணையில் கீறிக் கீறித் தள்ள, இவர் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. கொட்டை தெறித்துச் சொளகில் விழும். சின்னவள் பொறுக்கினாள், அவளுக்குப் பல்லாங்குழி ஆட வேண்டுமாம். மத்தியானத்துக்குள் இவர் விரலெல்லாம் கறுத்து ஒட்டிக்கொண்டது. மூன்று மாதத்தில் இவர் கையில் வேலைக் கறையைப் பார்ப்பது இன்றைக்குத்தான். உடனே கழுவிவிட எனக்கு மனம் வரவில்லை.

கல்லுப்புத் தூவி, அடுக்கடுக்காகப் பானையில் அமுக்கியாச்சு. கொட்டை நீக்கி மூன்றே முக்கால் கிலோ.

மார்ச் 12, புதன்

சிலிண்டர் தீர்ந்தது. ஜனவரி 30 மாட்டியது, 41 நாள். போன தடவை 34. பருப்பை ஊறப்போட்டு வைப்பதும், இரண்டு விசிலில் அணைத்துவிட்டு ஆவியிலேயே விடுவதும்தான் காரணம். ஏழு நாள்! இவரிடம் சொன்னேன், அத்தையிடம் சொன்னேன், பெரியவன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அவனிடமும் சொன்னேன்.

மார்ச் 13

மதினி குடும்பத்தோடு பார்க்க வந்திருந்தார். வடை சுட்டேன். பாமாயில் போதவில்லை, கடலை எண்ணெயையும் ஊற்றினேன். மூன்றாவது கோட்டுக்குக் கீழே போய்விட்டது. இரண்டாவது வாரமே முடியவில்லை.

மார்ச் 14, வெள்ளி

தூக்கம் இல்லை. ஒரு கடையில் எண்ணெய் பாக்கெட் ஐந்து ரூபாய் குறைச்சல் என்று எடுத்து வந்தேன். வீட்டில் வந்து கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தால் 850 கிராம் என்று பொடி எழுத்து. ஒரு லிட்டர் எண்ணெய் 910 கிராம் இருக்கும். பழைய லிட்டர் பாக்கெட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அதே உயரம், அதே அகலம். குறைகிற 60 கிராமுக்குப் பத்து ரூபாய் ஆகிறது. சோப்பு, பிஸ்கட் எல்லாவற்றையும் எடுத்து எடை பார்த்தேன். இனிமேல் விலைக்கு முன்னால் கிராமைத்தான் பார்ப்பேன். இத்தனை நாள் எவ்வளவு போயிருக்கும்?

மார்ச் 15

மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ஏறிவிட்டது. வண்டித் தவணைக்குப் போய்விட்டது.

மார்ச் 19, புதன்

அண்ணா நகர் உழவர் சந்தை. பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் இவ்வளவு தூரம் போகலாம். 1999இல் தமிழ்நாட்டில் முதல் முதலாக மதுரையில் திறந்த உழவர் சந்தை இது. முருங்கைக்காய் வாங்கினேன், நாலு நாளைக்கு அதுதான் வெஞ்சனம். வாசல் பலகையில் விலையைப் பார்த்துவிட்டுப் போனால் யாரிடமும் பேரம் பேசி மனசு நோக வேண்டாம்.

அத்தை துணி சோப்பை நூலால் நாலாக அறுத்துப் பரணில் காயப்போட்டிருக்கிறார்கள். காய்ந்த சோப்புதான் கரையாதாம்.

மார்ச் 22

இவர் முட்டையில் பாதியைச் சின்னவளுக்கு ஊட்டுவதைப் பார்த்துவிட்டேன். சத்தம் போட்டேன். அப்புறம் அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மார்ச் 25

பருப்பு வந்துவிட்டது. ஒரு கிலோ.

மார்ச் 27, வியாழன்

நாளைக்கு எக்ஸ்ரே. ஏழு மணிக்கு ஆட்டோ வரச் சொல்லியிருக்கிறது. எண்ணெய் கடைசிக் கோட்டுக்கு ஒரு விரல் கீழே நிற்கிறது. காலையில் எல்லாருக்கும் இட்லிதான், எண்ணெய் வேண்டாம். உளுந்தைக் குறைத்து, ஒரு கை வெந்தயம் கூடப் போட்டு ஆட்டியிருக்கிறேன். இன்னும் பொங்கவில்லை, எழுந்து எழுந்து மூடியைத் திறந்து பார்க்கிறேன்.