சமூகப் பதற்றத்துக்கு செர்ட்ராலின்: என் அனுபவம்

"எனக்கு மனச்சோர்வு இல்லையே டாக்டர், அப்புறம் எதுக்கு அந்த மாத்திரை?" என்றுதான், டாக்டர் செர்ட்ராலின் எழுதிக் கொடுத்தபோது முதலில் கேட்டேன். மனச்சோர்வுக்கென்று வந்த மருந்துகளில் சில, அடுத்தவர் முன்னால் எதைச் செய்யவும் அளவுக்கு மீறிப் பயப்படுகிற சமூகப் பதற்றக் கோளாறுக்கும் வேலை செய்வதை ஆய்வுகளில் பார்த்த பிறகு, அமெரிக்காவில் 1999-ல் பராக்ஸிடினுக்கும் 2003-ல் செர்ட்ராலினுக்கும் அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்று விளக்கினார்.

மாத்திரைக்கு முன்னால் ஒரு கேள்வித்தாள். சமூகப் பதற்றத்தை அளக்கும் லீபோவிட்ஸ் அளவுகோல் என்று பெயர். மொத்தம் 24 சூழ்நிலைகள். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பயம், எவ்வளவு தவிர்க்கிறோம் என்று 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும். அடுத்தவர் பார்க்கும்போது எழுதுவது, வாங்கிய பொருளைக் கடையில் திருப்பிக் கொடுப்பது, பொதுக் கழிப்பறைக்குப் போவது... எனக்கு மட்டும்தான் என்று வருஷக்கணக்காக மறைத்து வைத்திருந்ததெல்லாம் அச்சடித்த தாளில் வரிசையாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

முதல் வாரம் 25 மில்லிகிராம், பிறகு 50. "பக்கவிளைவு முதல்ல வரும், பலன் மெதுவாத்தான் வரும். நடுவுல நீங்களா நிறுத்திடாதீங்க" என்றார் டாக்டர். அப்படியேதான் ஆனது. குமட்டல், வயிற்றுப்போக்கு, தூக்கம் கெட்டது. படபடப்பு குறைவதற்குப் பதில் கூடியது. 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆரம்பத்தில் தற்கொலை எண்ணம் வரக்கூடும் என்பதால் வீட்டில் ஒருவர் கவனித்துக்கொள்வது அவசியம். அப்படி வந்தால் உடனே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஒரு மாதம் தாண்டிய பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. வங்கிக் கவுன்ட்டரில் சலானை நிரப்பிக்கொண்டிருந்தேன். பின்னால் வரிசை, எதிரே ஊழியர் பார்த்துக்கொண்டிருக்கிறார். நெஞ்சு அடித்துக்கொண்டது, ஆனால் அந்த நடுக்கம் விரல் வரைக்கும் வரவில்லை. கையெழுத்து கையெழுத்தாகவே விழுந்தது. மாத்திரை எனக்குத் தைரியம் கொடுக்கவில்லை. உடம்பு போடும் கூச்சலைக் குறைத்தது, அவ்வளவுதான். பழகிப் பழகித்தான் பயம் போகும் என்பதால், தினமும் ஏதாவது ஒரு கடைக்கு போன் செய்து விலை விசாரிக்கச் சொன்னார் டாக்டர். மாத்திரைக்கு முன்பு அதை என்னால் தொடங்கவே முடிந்ததில்லை. கல்யாண வீட்டில் பந்தியில் உட்காருவது மட்டும் இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

தாம்பத்திய ஆர்வம் குறைந்ததையும் சொல்லிவிட வேண்டும். கூச்சப்பட்டு இதை டாக்டரிடம் சொல்லாமலே மாத்திரையை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றிப் பார்ப்பார்கள்.

"இதுக்கு அடிமையாயிடுவியேம்மா" என்று அம்மா பயந்தார். பதற்றத்தைச் சீக்கிரம் தணிக்கிற அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளில் அந்த ஆபத்து உண்டு. செர்ட்ராலின் அந்த வகை இல்லை. ஆனாலும் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரலாம். குணம் தெரிந்த பிறகும் பல மாதங்கள் தொடர்ந்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைப்பார்கள். நான் இன்னும் 50-லேயே இருக்கிறேன்.

பக்கத்தில் மனநல மருத்துவர் இல்லாதவர்கள் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐ அழைக்கலாம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.