தடைக்காலத்தில் எழுதிய விண்ணப்பங்கள்

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்களுக்கு, மீன்பிடித் தடைக்காலத்தில், ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் மண்டபம் ஊரின் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. படகுகளைப் பழுது பார்த்து, வர்ணம் அடிக்கும் காலம் அது. கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் முடித்துவிட்டு ஊருக்குத் திரும்பிய எனக்கு, படகுகளுக்குப் பெயரும் எண்ணும் எழுதிக் கொடுப்பதால் கிடைக்கும் அந்த இரண்டு மாத வருமானம்தான் ஓரளவு நிலையானது. மாலையில் மண்ணெண்ணெய் போட்டுக் கையைக் கழுவிய பிறகு, வெளிநாட்டு நல்கைகளுக்கு விண்ணப்பம் எழுதுவேன். நான்கு தடைக்காலங்களில் ஏழு விண்ணப்பங்கள் அனுப்பினேன். ஆறு திரும்பி வந்தன, ஏழாவது தேறியது. சிற்பம் படித்து முடித்த கீழக்கரைத் தம்பி ஒருவன், "அக்கா, இதை எங்கிருந்து தொடங்க வேண்டும்?" என்று சென்ற மாதம் கேட்டான். அவனிடம் தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நல்கை என்பது பெரும்பாலும் பணம். ரெசிடென்சி என்பது தங்கி வேலை செய்ய இடம். சில திட்டங்கள் இரண்டையும் தருகின்றன, சில இடத்தை மட்டும் தந்துவிட்டு அதற்கும் கட்டணம் கேட்கின்றன. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் 1907 முதல் இயங்கும் மேக்டவல் என்ற ரெசிடென்சி, தங்குவதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அகாடமி, தன் இரண்டு ஆண்டுத் திட்டத்தில் பணிக்கூடமும் உதவித்தொகையும் தருகிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள ஸ்கௌஹீகன் கலைப் பள்ளியின் ஒன்பது வாரக் கோடைத் திட்டத்துக்குக் கட்டணம் உண்டு. அதைக் குறைக்க உதவித்தொகைக்குத் தனியாகக் கேட்க வேண்டும். ஆகவே அழைப்பைப் படிக்கும்போது, படங்களைப் பார்த்து மயங்குவதற்கு முன், விமானக் கட்டணம் யார் தலையில், உணவு யார் தலையில், பொருட்செலவு யார் தலையில் என்ற மூன்றையும் தேடிப் பாருங்கள். எழுதப்படாதது எதுவும் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளலாம்.

நம் நாட்டவருக்கென்றே உள்ள வழிகளும் உண்டு. சார்லஸ் வாலஸ் இந்தியா டிரஸ்ட், இந்தியாவில் வாழும் இந்தியக் குடிமக்களுக்கு, தொழிலின் தொடக்கத்திலோ நடுவிலோ இருப்பவர்களுக்கு, பிரிட்டனில் சில காலம் வேலை செய்யவும் ஆராயவும் உதவுகிறது. கல்கத்தாவில் பிறந்து, கப்பல் வணிகத்தில் பொருள் சேர்த்த ஒருவரின் சொத்திலிருந்து 1981இல் உருவான அறக்கட்டளை அது. அவர்களுடைய குறுகிய கால உதவி செலவில் ஒரு பங்கை மட்டும் தாங்கும் என்பதை மறக்கக் கூடாது. இன்லாக்ஸ் சிவ்தாசானி அறக்கட்டளை இளம் ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் தனி விருது வைத்திருக்கிறது. டெல்லியில் 1997இல் தொடங்கிய கோஜ் என்ற கலை அமைப்பின் பியர்ஸ் திட்டம் வெளிநாட்டுப் பயணம் அன்று என்றாலும், புதிதாகப் படிப்பை முடித்தவர்களுக்கு உரியது. பிறர் நடுவில் உட்கார்ந்து தன் வேலையைப் பற்றிப் பேசக் கற்றுக்கொள்ள அதைப் போன்ற இடம் தேவை. உலகெங்கும் உள்ள ரெசிடென்சிகளைத் தேட ரெஸ் ஆர்ட்டிஸ், டிரான்ஸ் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற இரண்டு பட்டியல்களே எனக்குப் போதுமானவையாக இருந்தன. முகநூலில் சுற்றும் அழைப்புகளில் பாதி, முடிந்துபோன ஆண்டுகளுடையவை.

இனி, என் ஆறு விண்ணப்பங்கள் ஏன் திரும்பின என்பதைச் சொல்கிறேன். ஆங்கிலம்தான் காரணம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். பழைய கோப்புகளை எடுத்துப் படித்தபோது வேறொன்று தெரிந்தது. எங்கள் கரையிலிருந்து எழுதுகிறவருக்கு ஒரு சோதனை காத்திருக்கிறது: தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர் புயல், எல்லை தாண்டியதாகப் பிடிபடும் மீனவர்கள், மன்னார் வளைகுடாவில் வெளிறும் பவளப்பாறைகள் என்று துயரங்களை வரிசையாக அடுக்கிவிட்டால், தூரத்தில் இருப்பவர் மனம் இளகும் என்று தோன்றும். என் முதல் திட்டக் குறிப்பில் இந்த மூன்றும் அரைப் பக்கத்துக்குள் இருந்தன. எல்லாம் உண்மைதான்; ஆனால் மூன்று நாள் ராமேஸ்வரத்தில் தங்கிச் சென்ற எவரும் எழுதக்கூடியவை. ரெசிடென்சிக்குப் போன முதல் திங்கட்கிழமை காலையில் என் கையில் என்ன இருக்கும், அதை வைத்து என்ன செய்வேன் என்பதற்கு அந்தப் பக்கத்தில் ஒரு வரி இல்லை. ஊரின் துயரத்தை என் தகுதிச் சான்றிதழாக நீட்டியிருக்கிறேன் என்று புரிந்தபோது வெட்கமாக இருந்தது.

ஏழாவது விண்ணப்பம் என் சித்தியின் விரல்களிலிருந்து வந்தது. பாம்பனுக்கு அருகே உள்ள தீவுகளைச் சுற்றி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும் பெண்களில் அவரும் ஒருவர். பாறை கிழிக்காமல் இருக்க, பழைய சேலைக் கரையைக் கிழித்து ஒவ்வொரு விரலிலும் சுற்றிக்கொள்வார். சில நாட்கள் போனதும் அந்தத் துணி உப்பேறி விறைத்து, விரலின் வடிவத்திலேயே நின்றுவிடும். அப்படிப்பட்ட 40 துணிச் சுருள்களைக் கேட்டு வாங்கி, மை தடவிக் காகிதத்தில் பதித்துக்கொண்டிருந்தேன். "தூக்கிப் போடுகிறதை வாங்கிக்கிட்டுப் போறியே, உனக்கு என்ன ஆச்சு?" என்று சித்தி கேட்டார். பெரிய அச்சு எந்திரம் இருக்கும் இடத்தில் இதையே எந்த அளவில் பதிப்பேன், எத்தனை வாரத்தில் எத்தனை தாள், எந்த வகைக் காகிதம் வேண்டும், எது தோற்றால் என்ன செய்வேன் என்று மட்டும் எழுதினேன். தனுஷ்கோடி அதில் இல்லை. வாங்கிய துணிக்கு விலை கொடுத்தேனா என்று நேர்காணலில் கேட்டார்கள். கொடுத்திருந்தேன், கொடுத்திராவிட்டால் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று இன்றும் யோசிக்கிறேன்.

பரிந்துரைக் கடிதத்துக்குப் புகழ்பெற்றவரைத் தேடி அலைய வேண்டாம். பெரிய பெயர் என்று நான் நாடிய ஒருவர், எல்லோருக்கும் கொடுக்கும் ஒரே கடிதத்தில் என் பெயரைத் தவறாகச் சேர்த்து அனுப்பினார். என் வேலையைத் தரையில் பரப்பிப் பார்த்த ஆசிரியர் எழுதிய பத்து வரிகள் அதைவிடப் பயன்பட்டன. படங்களை உச்சி வெயிலில் எடுக்காமல், மேகம் மூடிய காலையில் சுவரின் நிழலில் எடுங்கள். கெடு நேரத்தையும் நம் நேரத்துக்கு மாற்றிக் குறித்துக்கொள்ளுங்கள்: மத்திய ஐரோப்பாவில் குளிர்கால நள்ளிரவு என்றால் நமக்கு அதிகாலை 4.30. இணையம் நின்றுபோகும் பழக்கம் உள்ள ஊரில் அந்த நேரத்தை நம்பக் கூடாது. முந்தைய நாளே அனுப்பிவிடுங்கள்.

கடவுச்சீட்டை இப்போதே எடுத்து வையுங்கள். நமக்கு மதுரை மண்டல அலுவலகம். தேறிய பிறகு அதற்கு ஓடினால் விசாவுக்கு நாள் போதாது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; குறுகிய கால விசாவில் 180 நாட்களுக்குள் 90 நாட்கள் வரைதான் தங்க முடியும் என்பதால், நீண்ட திட்டங்களுக்கு வேறு வகை விசா வேண்டும். கைரேகை கொடுக்கச் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. சென்னை போகும் போட் மெயில் ரயிலில் இரவெல்லாம் அழைப்புக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வங்கிக் கணக்கில் இருந்த தொகையைப் பார்த்து அலுவலர் நெற்றியைச் சுருக்கியபோது, உதவித்தொகை எவ்வளவு என்று தெளிவாகக் குறிப்பிட்டிருந்த அந்தக் கடிதம்தான் என்னைக் காப்பாற்றியது.

கீழக்கரைத் தம்பி தன் திட்டக் குறிப்பின் முதல் வரைவை எனக்கு அனுப்பியிருந்தான். எதிர்பார்த்தபடியே புயலில் தொடங்கியிருந்தது. அவனுடைய தாத்தா சங்கு குளித்தவர். சங்கின் அளவைப் பார்க்க அவர்கள் துளையிட்ட ஒரு பலகையை வைத்திருந்தார்கள் என்றும், துளைக்குள் விழுந்துவிடும் சிறிய சங்கைக் கடலுக்கே திருப்பிவிட வேண்டும் என்றும் பேச்சுவாக்கில் சொன்னவன், அதைக் குறிப்பில் எங்குமே எழுதவில்லை. ஏன் என்று கேட்டேன். "அது சாதாரணப் பலகைதானே அக்கா" என்றான். நேற்று இரவு மறுபடி அழைத்தான். முதல் பத்தியை அடித்துவிட்டானாம். பலகை பெரியப்பா வீட்டுப் பரணில் இருக்கிறதாம், இறக்கிப் படம் எடுக்க வேண்டுமாம். கெடு முடிய இன்னும் 11 நாட்கள் இருக்கின்றன.