கருவாட்டுக்குக் காலை ஆறு, மாலை ஆறு

2023இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில், பங்களாதேஷ் மார்க்கெட் பின்புறம் அந்தப் பூனையைப் பார்த்தபோது பின்னங்கால் உடைந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். குதிகால் இரண்டும் தரையில் பட, முயல் மாதிரி குந்திக் குந்தி நடந்தது. எலும்பும் தோலும். ஆனால் வைத்த மீன் தலையை ஒரே மூச்சில் முடித்தது. வீட்டுக்கு வந்ததும் ஒரு கிண்ணம் தண்ணீரைக் காலி செய்துவிட்டு இன்னொன்று கேட்டது. மீன் வாடைக்கு அலைந்ததால் கருவாடு என்று பெயர் வைத்தேன்.

சர்க்கரை நோய் என்றார் கால்நடை மருத்துவர். அது நரம்பைப் பாதித்ததால்தான் அந்த நடை. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இன்சுலின், மாவுச்சத்து குறைந்த ஈர உணவு. சில பூனைகளுக்குப் பிறகு ஊசியே தேவைப்படாமல் போவதும் உண்டாம். "அதை நம்பி யார்கிட்டயும் குடுத்துடாதீங்க" என்றும் சொன்னார்.

எனக்கோ ஜோகன்னஸ்பர்க்குக்கு மாற்றல். அங்கே கிடைத்த பிளாட்டில் பிராணி வளர்க்க அனுமதி இல்லை. கையில் மூன்று மாதம்.

முதல் அறிவிப்பில் 'சிறிது மருத்துவக் கவனிப்பு தேவை' என்று எழுதினேன். பொய் இல்லை, ஆனால் மழுப்பல். நிறையப் பேர் கூப்பிட்டார்கள். ஊசி என்றதும் "அய்யோ பாவம்" என்று வைத்துவிட்டார்கள். ஒரு குடும்பம் வாங்கிப்போய் நான்காம் நாளே திருப்பிக் கொண்டுவந்தது. சனிக்கிழமை கல்யாணத்துக்குப் போனதில் இரண்டு வேளையும் விட்டுப்போச்சாம். கோபம் வந்தது. ஆனால் அவர்களிடம் தெளிவாகச் சொல்லாதது நான்தானே?

அப்புறம் மாற்றி எழுதினேன்: 'தினமும் இரண்டு ஊசி. வெளியூர் போனால் பதில் ஆள் வேண்டும்.' இரண்டே போன். அதில் ஒன்று, நாலு தெரு தள்ளியிருந்த ஆன்டி. சாட்ஸ்வொர்த்தில் சர்க்கரைக்காரர் இல்லாத வீட்டைத் தேடத்தான் வேண்டும். ஆன்டியே காலை ஆறு, மாலை ஆறு மணிக்குப் பேனா வடிவ ஊசியான இன்சுலின் பேனா போட்டுக்கொள்பவர்.

தோள்பட்டைக்கு நடுவே தோலைக் கூடாரம் போலத் தூக்கிக் காட்டினேன். அவர் ஊசியைச் செருகி எடுத்ததைக் கருவாடு கவனிக்கவே இல்லை, தட்டில் மூக்கை விட்டிருந்தது. எனக்குக் கை நடுக்கம் நிற்க இரண்டு வாரம் ஆனது. "என் வயித்துல குத்திக்கிறதைவிட இது ஈஸி" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார்.

என் பயம் வேறு. ஒரே பிரிட்ஜில் இரண்டு பேர் இன்சுலின். கருவாட்டுடையது மில்லிக்கு 40 யூனிட், ஆன்டியுடையது 100. 40க்குரிய சிரிஞ்சுக்குப் பதில் 100க்குரியதை எடுத்தால் அளவு இரண்டரை மடங்கு தப்பும். பூனை மருந்தையும் சிரிஞ்சையும் மஞ்சள் ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, மூடியில் மீசை வரைந்து கொடுத்தேன். லோட்ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டுச் சமயத்தில் நான் ஐஸ் பேக்கை ஒட்டி வைத்து ஒரு பாட்டில் உறைந்துபோய்க் குப்பைக்குப் போன கதையையும் சொன்னேன். சாப்பிடாவிட்டால் ஊசிக்கு முன் டாக்டருக்குப் போன், சர்க்கரை இறங்கித் தள்ளாடினால் ஈறில் தேன் தடவிவிட்டு உடனே ஓட்டம். இதைக் காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதி பிரிட்ஜில் ஒட்டினோம்.

ஆன்டியின் மகன்தான் தயங்கினார். "அம்மாவுக்கு 71. நாளைக்கு முடியலன்னா?" நியாயமான கேள்வி. முடியாமல் போனால் பூனை என்னிடமே திரும்பும், முதல் ஆறு மாத மருந்துச் செலவில் பாதி என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ரேபீஸ் தடுப்பூசி இங்கே பூனைக்கும் சட்டப்படி கட்டாயம். அந்த அட்டையைக் கொடுத்து, தோலுக்கடியில் இருக்கும் அடையாள மைக்ரோசிப்பின் பதிவையும் ஆன்டி பெயருக்கு மாற்றினேன்.

ஆன்டிக்குத் தெரிந்த தமிழ் 'வா', 'சாப்பிடு', 'போதும்'. கருவாட்டுக்கு அது தாராளம். போன மாதம் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். "வா" என்றதும் சமையலறைக்கு ஓடி வருகிறது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். குதிகால் தரையிலிருந்து ஒரு விரல்கடை மேலே நிற்கிறது. பின்னால் எங்கோ ஆன்டியின் பேனா டிக், டிக் என்று திருகும் சத்தம்.