வேலூர் கோட்டைக்குத் திரும்பி வந்த ஜலகண்டேஸ்வரர்

சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு. வேலூரைப் பற்றி இப்படி ஒரு கிண்டல் ரொம்ப நாளாக உண்டு. பாலாறு இன்னும் பெரும்பாலும் மணலாகத்தான் கிடக்கிறது, ராஜா இனி வரப்போவதில்லை. சாமி மட்டும் வந்துவிட்டார்.

அகழியைத் தாண்டிக் கோட்டைக்குள் நுழைந்தால் ஏழு நிலைக் கோபுரம் தெரியும். 16ஆம் நூற்றாண்டில், விஜயநகரத்துக்குக் கட்டுப்பட்டிருந்த சின்ன பொம்மி நாயக்கர் காலத்தில் எழும்பியது என்பார்கள். தண்ணீர் சூழ்ந்த இடத்தில் இருந்த லிங்கம் என்பதால் ஜலகண்டேஸ்வரர், அம்பாள் அகிலாண்டேஸ்வரி. அப்புறம் பீஜப்பூர்ப் படை, மராத்தியர், முகலாயர், கடைசியில் ஆங்கிலேயர் என்று கோட்டை கைமாறிக்கொண்டே போனது. கோயிலில் பூஜை நின்றது, வெள்ளைக்காரன் ஆயுதக் கிடங்காகவே வைத்திருந்தான். 400 வருடம் சாமி இல்லாமல் கிடந்தது என்று ஊரில் சொல்வார்கள். பீஜப்பூர்க்காரர்கள் வந்தது 17ஆம் நூற்றாண்டு நடுவில், அதை வைத்துக் கணக்குப் போட்டால் 300 சொச்சம்தான் வருகிறது. எப்படியும் பத்துத் தலைமுறைக்கு மேல் விளக்கில்லாத கருவறை.

சுதந்திரத்துக்குப் பிறகும் தொல்லியல் துறையின் கையில் அது வெறும் நினைவுச் சின்னம்தான். பொறுப்பேற்றபோது வழிபாடு இல்லாத இடத்தில் புதிதாக வழிபாடு தொடங்கக் கூடாது என்பது அவர்களுடைய விதி. ஊர்க்காரர்கள் விடவில்லை. வேலூரிலேயே உள்ள சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981 மார்ச் 16 அன்று கோட்டைக்குள் கொண்டுவந்து பிரதிஷ்டை செய்தே விட்டார்கள். சட்டப்படி சரியா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது, ஆனால் அன்று அவர்கள் துணியாமல் இருந்திருந்தால் இன்று நாம் அங்கே டிக்கெட் வாங்கிக்கொண்டு தூணைப் பார்த்துவிட்டு வந்திருப்போம், அவ்வளவுதான்.

நான் போனது ஒரு பிரதோஷத்தன்று. கூட்டத்தில் நந்தியை எட்டிக்கூடப் பார்க்க முடியவில்லை, பால் குடங்கள் தலைக்கு மேலேயே கைமாறிப் போகின்றன, பக்கத்தில் நின்ற ஒரு பாட்டியம்மா "தள்ளிப்போ கண்ணு, தீபம் தெரியட்டும்" என்று என் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார். தீபாராதனை காட்டியபோது அந்த லிங்கத்தில் நெருப்பு ஒரு நொடி பளிச்சென்று ஏறி இறங்கியது. கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன.

கூட்டம் கலைந்தபின் கல்யாண மண்டபம். இதற்காகவே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முன்வரிசைத் தூண்களில் யாளியும் குதிரையும் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன, மேலே வீரன், எல்லாம் ஒரே கல். கடிவாளத்தின் வார் தனியாகத் தெரிகிறது, கருங்கல்லில் எந்த உளியை வைத்து இதைச் செய்தான் என்று யோசித்துக்கொண்டே கழுத்து வலிக்க அண்ணாந்தால், விதானத்து நடுவில் ஒரு பூ, அதைச் சுற்றிக் கிளிகள் தலைகீழாகத் தொங்குகின்றன! இந்த மண்டபத்தை அப்படியே பெயர்த்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோக ஒரு திட்டம் இருந்ததாம், ஏற்றிப்போக வரவேண்டிய கப்பல் வழியிலேயே மூழ்கியதால் தப்பித்தது என்கிறார்கள். காளையும் யானையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் ரிஷப குஞ்சரச் சிற்பமும் இந்தக் கோயிலில் இருக்கிறது. ஒரு பக்கம் கையால் மறைத்தால் யானை, மறுபக்கம் மறைத்தால் காளை. குழந்தைகளைக் கூட்டிப் போனால் அங்கிருந்து நகர மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொல்லியல் துறைமேல் ஊரில் பலருக்கு மனத்தாங்கல் உண்டு, எதற்கெடுத்தாலும் தடை என்று. ஆனால் திருப்பணி என்ற பெயரில் மணல் வீச்சு அடித்துச் சிற்பத்தின் மூக்கு முழியையே மழித்து, மேலே எனாமல் பெயின்ட் பூசி, தரைக்கு வழுக்கும் டைல்ஸ் ஒட்டிய கோயில்களை எத்தனை பார்த்திருக்கிறோம். இங்கே கல் கல்லாகவே இருக்கிறது. சாமியைக் கொண்டுவந்தவர்களுக்கு ஒரு கும்பிடு, கல்லைக் காத்தவர்களுக்கும் ஒரு கும்பிடு, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டே இருக்கட்டும், கோயிலுக்கு அதுதான் நல்லது.

ரயிலில் வருபவர்கள் காட்பாடியில் இறங்கினால் டவுன் பஸ் கிடைக்கும். மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். நேரம் மிஞ்சினால் பாலாற்றங்கரையில் முத்து மண்டபம், கண்டியின் கடைசி அரசன் விக்கிரம ராஜசிங்கனின் சமாதி. இந்தக் கோட்டையில் சிறையிருந்து 1832இல் இறந்தவர். அங்கே கூட்டமே இருக்காது.