பேர் லேக்ல இருந்து ஹையாஹா வரைக்கும்: ஒரு நாள் ஹைக் பிளான்

டென்வர் வர்ற சொந்தக்காரங்க ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் என்கிட்ட கேக்கறது ஒண்ணுதான், மலை மேல ஏரி பாக்கணும், ரொம்ப கஷ்டமா இருக்கக்கூடாது, ஒரே நாள்ல போயிட்டு வந்துடணும். அவங்களுக்கு நான் சொல்றது எப்பவும் ராக்கி மவுண்டன் நேஷனல் பார்க்தான். பேர் லேக்ல நடக்க ஆரம்பிச்சு நிம்ஃப், ட்ரீம், எமரால்ட்னு மூணு ஏரி, திரும்பி வர்றப்போ ஒரு கிளைப் பாதைல ஹையாஹா ஏரி. போக வர ஏறக்குறைய 9 கிலோமீட்டர். "இவ்ளோதானா, சாப்பிட்டு மெதுவா கிளம்பலாமே"ன்னு நினைக்காதீங்க. இங்க பிளானை தூரத்தை வச்சு போடக்கூடாது, மத்தியான இடியை வச்சு போடணும்.

ஜூலை ஆகஸ்ட்ல காலைல வானம் பளிச்சுன்னு இருக்கும், பதினோரு மணிக்கு ஹாலட் பீக் பின்னாடி வெள்ளையா ஒரு மேகம் எட்டிப் பாக்கும், அதுக்கப்புறம் கொஞ்ச நேரத்துலயே கறுத்துப்போய் இடி, மின்னல், சில நாள் ஆலங்கட்டியும் சேர்ந்து கொட்டும். அதனால பன்னெண்டு மணிக்குள்ள கார்கிட்ட வந்துடணும்னு முடிவு பண்ணிட்டு அங்கிருந்து பின்னாடி கணக்குப் போடுங்க. ஹையாஹால பத்து, எமரால்ட்ல எட்டரை, அப்போ நடக்க ஆரம்பிக்கறது ஆறரைக்கு. குழந்தைங்க, பெரியவங்க கூட வந்தா இன்னும் அரை மணி முன்னாடி.

இப்போ பெர்மிட். சமீப வருஷங்கள்ல மே கடைசில இருந்து அக்டோபர் நடு வரைக்கும் பேர் லேக் ரோட்டுக்குள்ள காலை 5 மணிக்கும் சாயந்தரம் 6 மணிக்கும் நடுவுல நுழைய டைம்டு என்ட்ரி, அதாவது நேரம் குறிச்ச முன்பதிவு பெர்மிட், வேணும்னு வச்சிருக்காங்க, பார்க் கட்டணம் தனி. முந்தின மாசம் 1-ஆம் தேதி காலை 8 மணிக்கு மவுண்டன் டைம்ல (கொலராடோ நேரம்) ரிக்ரியேஷன் டாட் கவ் வெப்சைட்ல ஓப்பன் ஆகும், அதிகாலை ஸ்லாட்தான் முதல்ல காலியாகும், அதனால 7:55-க்கே லாகின் பண்ணி ரெடியா இருங்க. கிடைக்கலைன்னா விட்டுடாதீங்க, போறதுக்கு முந்தின நாள் சாயந்தரம் 7 மணிக்கு கொஞ்சம் ரிலீஸ் பண்ணுவாங்க. 5 மணிக்கு முன்னாடியே செக்போஸ்டைத் தாண்டிட்டா அந்தப் பெர்மிட்டே தேவைப்படல, சூரியோதயம் பாக்கணும்னா எனக்கு அதுதான் பிடிச்ச வழி. விதிமுறை வருஷா வருஷம் மாறும், போறதுக்கு முன்னாடி பார்க் சைட்டை ஒரு தடவை பாத்துடுங்க. பேர் லேக் பார்க்கிங் சீக்கிரமே நிறைஞ்சிடும், அப்போ கீழ பார்க் அண்ட் ரைட்ல காரை விட்டுட்டு ஷட்டில்ல ஏறிக்கலாம்.

அப்புறம் உயரம். ட்ரெயில் ஆரம்பிக்கற இடமே 2,880 மீட்டர், ஹையாஹா 3,115. கடல் மட்டத்துல கிடைக்கற ஆக்சிஜன்ல ஏறக்குறைய 70 சதவீதம்தான் அங்க கிடைக்கும். நேத்து ஃப்ளைட்ல வந்து இறங்கினவங்களை இன்னைக்கு மேல கூட்டிட்டுப் போகாதீங்க, தலைவலியும் குமட்டலுமா அவங்க நாளே போயிடும். முடிஞ்சா முந்தின ராத்திரி பக்கத்து ஊரான எஸ்டஸ் பார்க்ல தங்குங்க. ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, தொப்பி, சன்ஸ்க்ரீன், வெயிலா இருந்தாலும் ரெயின் ஜாக்கெட். ஜூன்ல போறீங்கன்னா மேல பாதைல இன்னும் பனி இருக்கும், ஷூவுக்கு மேல மாட்டிக்கற மைக்ரோ ஸ்பைக்ஸ் எடுத்துக்கோங்க, பனில வழுக்காது.

நிம்ஃப் சின்ன குளம்தான், ஜூலைல மஞ்சள் அல்லி பூத்திருக்கும். ட்ரீம் லேக்ல காத்து எழும்பறதுக்கு முன்னாடி போனா ஹாலட் பீக் அப்படியே தலைகீழா தண்ணில நிக்கும். எமரால்ட்ல பாதை முடிஞ்சிடும், மூணு பக்கமும் செங்குத்துப் பாறை. அங்க உக்காந்து சாப்பிடறப்போ பை ஜிப்பை மூடி வைங்க, சிப்மங்க் (அணில் மாதிரி ஒரு குட்டிப் பிராணி) மடில ஏறி புளிசாதப் பொட்டலத்தையே மோந்து பாக்கும், எவ்ளோ அழகா இருந்தாலும் ஒரு பருக்கை கூட குடுக்காதீங்க. சட்டப்படி தப்பு, அதுங்க உடம்புக்கும் கெடுதல்.

என் மனசு இருக்கறது ஹையாஹாலதான். 2022 ஜூன் கடைசில ஏரிக்கு மேல இருக்கற கேயாஸ் கேன்யன் பள்ளத்தாக்குல மலைச்சரிவு பெருசா இடிஞ்சு விழுந்துச்சு. அதுல கிளம்பின மாவு மாதிரி பொடி தண்ணில கலந்து, அடில தங்காம மிதந்துக்கிட்டே இருக்க, வெளிச்சம் அதுல பட்டு சிதறி ஏரியே பால் கலந்த பச்சையா மாறிடுச்சு. வழக்கமா இந்த நிறத்தைப் பாக்க பனிப்பாறை உருகி வர்ற ஏரிக்குப் போகணும். பொடி அடங்க அடங்க நிறம் மாறும்ங்கறதால தள்ளிப் போடாம பாத்துடுங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்.

ஆனா கடைசி கொஞ்ச தூரம் கார் சைஸ் பாறைங்க மேல கையும் காலும் ஊணித்தான் ஏறணும், முட்டி வலி இருக்கறவங்க பாறை ஆரம்பிக்கற இடத்துல உக்காந்துக்கட்டும், மத்தவங்க ஏரி வரைக்கும் போயிட்டு வரட்டும். கிளைப் பாதை பிரியறது ட்ரீம் லேக்குக்குக் கொஞ்சம் கீழ. எமரால்ட்ல இருந்து இறங்கறப்போ அந்த முனைல நின்னு மேல பாருங்க. வானம் நீலமா இருந்தா ஹையாஹா பக்கம் திரும்புங்க, மேகம் கூட ஆரம்பிச்சிருந்தா ஹையாஹாவை விட்டுட்டு நேரா இறங்கிடுங்க, அடுத்த மாசத்துக்கான ஸ்லாட் 1-ஆம் தேதி ஓப்பன் ஆகும்.