பொதுஜனத்துக்கு ஏன் எப்போதும் மீசை?

ஒரு வாரப் பத்திரிகையில் பக்க வடிவமைப்பு வேலை பார்த்த காலத்தில், ஓவியர் வரைந்து தரும் ஜோக் படங்களையும் கார்ட்டூன்களையும் ஸ்கேன் செய்து, கோடுகளைச் சுத்தம் பண்ணி, மிச்சமிருக்கும் இடத்தில் பொருத்துவது என் பொறுப்பு. கொஞ்ச நாளிலேயே ஜோக்கைப் படித்ததும் என்ன படம் வரும் என்று சொல்லிவிட முடிந்தது. மனைவி என்றால் கையில் பூரிக்கட்டை, மாமியார் என்றால் கொண்டை, நர்ஸ், ஸ்டெனோ என்றால் உடம்பை இறுக்கிப் பிடித்த உடை. யாரும் கெட்ட எண்ணத்தில் வரைவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வாசகர் இரண்டு நொடிதான் பார்ப்பார், அதற்குள் ஆள் யார் என்று புரிய வேண்டும், சாயங்காலத்துக்குள் ஏழெட்டுப் படம் வேண்டும் என்றால் கை பழகிய உருவத்தைத்தான் தேடிப் போகும்.

அரசியல் கார்ட்டூனில் கதை வேறு. அங்கே பெண் பெரிய பெரிய வேஷத்தில் வருவாள். பாரத மாதா, கண்ணைக் கட்டிய நீதி தேவதை, சேலை கிழிந்து நிற்கும் ஜனநாயகம். அழுவதற்கும் அடிபடுவதற்கும் அவள் வேண்டும். ஆனால் வேடிக்கை பார்க்கும் குடிமகனாக கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லக்ஷ்மண் 1951 முதல் வரைந்த காமன் மேன் என்கிற சாமானியன், வேட்டி, கட்டம் போட்ட கோட்டு, மீசையோடு ஆணாகத்தான் நின்றார். நம்மூர்ப் பத்திரிகைகளின் பொதுஜனத்துக்கும் மீசை உண்டு.

தலைவர்களை வரையும்போது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். ஜெயலலிதா முன்னால் அமைச்சர்கள் வில்லாக வளைந்து நிற்கிற படங்களில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அது அதிகாரத்தைப் பற்றிய சரியான கிண்டல். ஆனால் இரண்டு ஆண் தலைவர்கள் மோதினால் மல்யுத்தம், இரண்டு பெண் தலைவர்கள் மோதினால் குழாயடிச் சண்டை. ஒரு ஆண் தலைவரைக் கோழை என்று சொல்ல அவருக்குச் சேலை கட்டி வளையல் போட்டுவிடுவார்கள், அதில் யாருக்கு அவமானம் என்று யோசிக்க யாருக்கும் நேரம் இருக்காது.

உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீதம் என்று 2016-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்து, 2019 கடைசியில் ஊரகத் தேர்தல் நடந்ததே, அப்போது ஒரு கார்ட்டூன் என் மேஜைக்கு வந்தது. தலைவர் நாற்காலியில் கணவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார், பின்னால் தேர்தலில் ஜெயித்த மனைவி காபி டம்ளரோடு நிற்கிறார். நன்றாகத்தான் இருந்தது, பல ஊர்களில் நடப்பதும் அதுதானே. பக்கத்தில் இருந்த உதவி ஆசிரியை, "இதுல யாரை சார் கிண்டல் பண்றோம்?" என்று கேட்டார். "புருஷனைத்தாம்மா" என்றார் ஓவியர். "அப்போ அவருக்கு மட்டும் ஏன் முகம் இருக்கு?"

உற்றுப் பார்த்தேன். கணவருக்கு நெற்றிச் சுருக்கம், தொங்கும் கன்னம், மோதிரம் வரை போட்டிருந்தார். தலைவி ஒரு முட்டை வட்டம், அதற்குள் ஒரு பொட்டு, அவ்வளவுதான். ஓவியர் ஒன்றும் பேசாமல் படத்தை வாங்கிக்கொண்டு போனார். அப்புறம் வந்த படத்தில் அந்த அம்மாள் நாற்காலியில் இருந்தார், செக்கில் கையெழுத்துப் போடும் அவர் கையைக் கணவரின் கொழுத்த கை பிடித்திருந்தது, அவர் கண் மட்டும் திரும்பி அந்த ஆளை முறைத்துக்கொண்டிருந்தது. கிண்டல் அதேதான், குத்துதான் கூடிவிட்டது. பக்கம் தாமதமாகி அச்சுப் பிரிவில் வாங்கிக் கட்டிக்கொண்டது நான்.

வரைகிற இடத்தில் பெண்கள் இருந்தால் மாறுமா என்றால், மாறியிருக்கிறது. 1982-ல் பம்பாய்ப் பத்திரிகையில் மஞ்சுளா பத்மநாபன் தொடங்கிய கார்ட்டூன் தொடரின் நாயகி சுகி, சுருட்டை முடியோடு தன்பாட்டுக்கு யோசித்துக்கொண்டிருப்பவள். பெங்களூரில் மாயா காமத் தினசரிகளுக்கு அரசியல் கார்ட்டூனே வரைந்தார். தமிழில் அப்படி ஒரு பெயர் கேட்டால் சட்டென்று வாயில் வருவதில்லை.

இன்னொன்று. கேஸ் விலை ஏறினால் பெண் தலையில் சிலிண்டர், பெட்ரோல் விலை ஏறினால் பைக்கைத் தள்ளிக்கொண்டு போகும் ஆண். தெருவுக்குத் தெரு ஸ்கூட்டியில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிற பெண்கள் இருக்கிறார்கள், எங்கள் அலுவலக வாசலிலேயே வரிசையாக அவர்கள் வண்டிகள்தான் நிற்கும். அவர்களில் ஒருத்தி பெட்ரோல் பங்கில் நின்று புலம்புகிற கார்ட்டூன் ஒன்றுகூட என் கைக்கு வந்ததில்லை.