புயல் கரையேறிய பிறகுதான் நமக்கு மழை: தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் கவனிக்க வேண்டியவை

"புயல் வலுவிழந்தது" என்று டிவியில் ஓடத் தொடங்கியதும் கடலோரத்தில் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். நம் இரண்டு மாவட்டத்துக்காரர்கள் அப்போதுதான் வானத்தைப் பார்க்க ஆரம்பிக்க வேண்டும். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறியது. டிசம்பர் 2 காலை 8.30 மணிக்கு அளந்து பார்த்தால், முந்தைய 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் மட்டும் 50 செ.மீ. கொட்டியிருந்தது. அரூரில் 30 செ.மீ.க்கு மேல். ஊத்தங்கரையில் ஏரித் தண்ணீர் ரோட்டுக்கு வந்து, ஓரமாக நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் உருட்டிக்கொண்டு போனது. அந்த நேரத்தில் அதற்குப் புயல் என்ற பட்டம்கூட இல்லை.

பட்டம் கொடுப்பது காற்றின் வேகத்தை வைத்து. மணிக்கு 62 கி.மீ. தொட்டால் புயல், அதற்குக் கீழே தாழ்வு மண்டலம், 31 கி.மீ.க்கும் கீழே போனால் வெறும் தாழ்வுப் பகுதி. காற்று குறையக் குறையப் பெயர் இறங்குமே தவிர, மேகத்தில் இருக்கும் ஈரம் அதே கணக்கில் இறங்காது. கரையேறிய பிறகு அதை இழுத்துச் செல்லும் மேல்மட்டக் காற்று பலமில்லாமல் இருந்தால் சுழற்சி நகராமல் நின்றுவிடும். ஃபெஞ்சல் புதுச்சேரியை ஒட்டிப் பல மணி நேரம் அப்படித்தான் நின்றது. வங்கக் கடலிலிருந்து கிழக்குக் காற்று ஈரத்தை ஏற்றிக்கொண்டே இருக்க, அது ஜவ்வாது மலை, சித்தேரி, கல்வராயன், சேர்வராயன் சரிவுகளில் மோதி மேலே ஏறுகிறது. நடுவில் இருப்பவை ஊத்தங்கரை, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, போச்சம்பள்ளி. இரவில் மேகத்தின் உச்சி குளிர்வதால் மழை பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல்தான் வலுக்கும். மாலையில் தூறலோடு நின்றுவிட்டதே என்று நிம்மதியாகப் படுப்பது இங்கே ஆபத்து.

மையம் நமக்குத் தெற்கே போகிறதா, வடக்கே போகிறதா என்பதுதான் முதல் கேள்வி. வீட்டு மாடியிலேயே தெரிந்துகொள்ளலாம். காற்று முதுகில் படும்படி நில்லுங்கள். மையம் உங்கள் இடது கைப் பக்கம், கொஞ்சம் முன்னால் தள்ளி இருக்கும். கட்டடம் மறைக்காத இடமாக இருக்க வேண்டும், தாழ்வான மேகம் ஓடும் திசையைப் பார்த்தால் இன்னும் சரியாக வரும். வாடைக் காற்று மெல்லத் திரும்பிக் கொண்டலாக, அதாவது கிழக்கிலிருந்து வீச ஆரம்பித்தால் மையம் தெற்கே, சேலம் நாமக்கல் பக்கமாகக் கடக்கிறது. நீண்ட மழைக்குத் தயாராகுங்கள். அதுவே வடமேற்கு, மேற்கு என்று திரும்பினால் மையம் வடக்கே போகிறது. மைசூர் மேட்டிலிருந்து இறங்கும் காற்று ஈரம் குறைந்தது, மழை இடைவெளி விடும். ஆனால் மையம் கர்நாடகம் தாண்டி அரபிக் கடலுக்குப் போகும்போது காற்று தெற்கிலிருந்து வரும், அப்போது இன்னொரு சுற்று மழை வர வாய்ப்புண்டு. "புயல் போயிடுச்சே, இது எங்கேர்ந்து வந்துச்சு" என்று கேட்கும் மழை இதுதான்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை மேட்டில் பெரும்பாலும் நாள் முழுக்கத் தூறலும் குளிருமாக இருக்கும். கிழக்குச் சரிவு ஊர்களில்தான் அளவு எகிறும். பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் மழை இந்த இரண்டு அளவுக்கும் நடுவே இருக்கும். மாவட்டத்துக்கு ஒரே நிற எச்சரிக்கை வந்தாலும் உள்ளே இத்தனை வித்தியாசம் இருக்கிறது.

ரேடார் படத்தை மொபைலில் பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சென்னை ரேடாரிலிருந்து கிருஷ்ணகிரி நேர்கோட்டில் சுமார் 230 கி.மீ. பூமி வளைவால் அதன் அலை இங்கே வந்து சேரும்போது ஏறத்தாழ 5 கி.மீ. உயரத்தில் போய்க்கொண்டிருக்கும். அதற்குக் கீழே தாழ்வான மேகத்திலிருந்து கொட்டுவதை அது பார்க்காது, அல்லது குறைத்துக் காட்டும். படத்தில் வெளிர் பச்சை, ஊரில் கனமழை என்பது இப்படித்தான் நடக்கிறது. மலைப்பக்கத்துச் சொந்தக்காரருக்கு ஒரு போன் போட்டுக் கேட்பது ரேடாரைவிட நம்பகமானது.

மழையை நீங்களே அளக்கலாம். பக்கவாட்டு நேராக உள்ள டப்பா வேண்டும். மேலே அகன்று கீழே குறுகும் பக்கெட் வேண்டாம், அளவு கூடுதலாகக் காட்டும். சுவர், மரம் ஆகியவற்றின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி, ஆடாமல் செங்கல் முட்டுக் கொடுத்து வையுங்கள். காலை 8.30க்கு ஸ்கேலை விட்டு மி.மீ.யில் பாருங்கள். 64.5 மி.மீ. தொட்டால் கனமழை, 115.6 தொட்டால் மிகக் கனமழை, 204.5 தொட்டால் அதிகனமழை. ஒரு மி.மீ. என்றால் ஏக்கருக்கு சுமார் 4,000 லிட்டர். ஊத்தங்கரையின் 50 செ.மீ.யைக் கணக்குப் போட்டால் ஏக்கருக்கு 20 லட்சம் லிட்டர். எந்த வாய்க்காலும் அதற்கு வெட்டப்பட்டதல்ல.

ஆற்றைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை. கே.ஆர்.பி. அணை, அதாவது கிருஷ்ணகிரி அணை நீர்மட்டத்தைப் பார்த்துத் தென்பெண்ணை நிலவரத்தை முடிவு செய்கிறோம். ஊத்தங்கரைப் பக்கம் பாம்பாறும், பாப்பிரெட்டிப்பட்டி அரூர் வழியே வாணியாறும் அந்த அணைக்குக் கீழேதான் தென்பெண்ணையில் கலக்கின்றன. மழை கிழக்குச் சரிவில் கொட்டினால் கே.ஆர்.பி. அமைதியாகவே இருக்கும், கீழே ஆறு பொங்கும். அந்த டிசம்பர் 2 அதிகாலை கீழே உள்ள சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்க வேண்டியதாயிற்று. பாம்பாறு, வாணியாறு அணைகளிலிருந்து எவ்வளவு திறக்கிறார்கள் என்று தனியாக விசாரியுங்கள்.

ஏரிக்கு வருவோம். மேல் ஏரி கோடி போனால், அதாவது நிரம்பி வழிந்தால், அந்தத் தண்ணீர் அடுத்த ஏரிக்கு வரும். ஒரு கரை உடைந்தால் கீழே உள்ளவையும் தாங்குவது கஷ்டம். கோடி வழியில் முள், குப்பை, வலை எதுவும் இல்லாமல் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். கரையின் வெளிப்பக்கம் கசிவு தெரிந்தால் நிறத்தைப் பாருங்கள். தெளிவாகக் கசிந்தால் கண்காணித்தால் போதும். கலங்கலாக, மண்ணோடு வந்தால் உள்ளே கரை அரித்துக்கொண்டிருக்கிறது. கீழே குடியிருப்பவர்களை உடனே நகர்த்த வேண்டும். அந்த ஓட்டையை அடைக்கப் பார்க்காதீர்கள், தண்ணீர் வேறு வழி தேடும். சுற்றி மணல் மூட்டையை வளையமாக அடுக்கித் தண்ணீரைத் தேங்கவிட்டால் எதிரழுத்தம் கிடைக்கும், அரிப்பு குறையும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

தரைப்பாலத்தில் ஓடும் தண்ணீர் ஓரடி இருந்தாலே சின்னக் காரைத் தூக்கிவிடும். கலங்கல் தண்ணீருக்கு அடியில் பாலம் இருக்கிறதா என்றே தெரியாது.

தோட்டத்தில் மழைக்கு முந்தின நாள் செய்ய வேண்டியது, வடிகால் வெட்டுவதுதான். தக்காளியில் பாத்திக் கடைசியைத் திறந்து விடுங்கள். வேர் ஒரு நாளுக்கு மேல் தண்ணீரில் நின்றால் வெயில் வந்ததும் செடி வாடும். தண்ணீர் வடிந்த பின் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து வேரில் ஊற்றலாம். மழைக்கு முன் அடித்தால் மருந்து ஆற்றோடு போகும். அறுத்த ராகிக் கதிரைக் களத்தில் விடாதீர்கள், நனைந்து சூடேறினால் முளைத்துவிடும். பட்டுப்புழு வளர்ப்பவர்கள் இரண்டு நாளைக்கான மல்பெரி இலையை மழைக்கு முன்பே வெட்டிக்கொள்ளலாம். நனைந்த இலையை அப்படியே போட்டால் புழு கழிந்து சாகும். துணியில் உதறி, நிழலில் காய விட்டுப் போடுங்கள். படுக்கை ஈரமாக இருந்தால் மேலே சுண்ணாம்புத் தூள் தூவுங்கள்.

மழை விட்டு வானம் வெளுத்ததும் பனிமூட்டம் வரும். தொப்பூர் கணவாயிலும் ஓசூர் ரோட்டிலும் விடியற்காலையில் பத்தடிக்கு மேல் தெரியாத நாட்கள் உண்டு. ஈர மண், தெளிந்த இரவு, குளிர் மூன்றும் சேர்ந்தால் தக்காளி, உருளைக்கிழங்கில் இலைக்கருகல் வேகமாகப் பரவும். காலையில் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: கரும்பழுப்புப் புள்ளியின் ஓரத்தில் வெள்ளைப் பூசணம் தெரிந்தால் அன்றைக்கே மருந்தடிக்க வேண்டும்.